பலகையில் இல்லாத பேர்

(களம்பூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காட்பாடியில் ரயில் ஏறி இங்கே வந்து இறங்கினேன். இறங்கிய ஊர் களம்பூர். பலகையில் எழுதியிருப்பது 'ஆரணி ரோடு'. உங்களுக்குப் பழகிப்போன சங்கதி. ஆரணி ஊருக்குள் ரயில் வருவதில்லை. அதன் பேர் மட்டும் இத்தனை கிலோமீட்டர் தள்ளி வந்து உங்கள் நடைமேடையில் நிற்கிறது. உங்களிடம் ரயில் இருக்கிறது, பலகை இல்லை. இதற்கு நீங்களும் பழி தீர்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சுற்றுவட்டாரத்து நெல்லெல்லாம் உங்கள் மில்லுக்கு வருகிறது, வெளியே போகும்போது 'களம்பூர் அரிசி' ஆகிவிடுகிறது. விளைவித்த கிராமத்தின் பேர் மூட்டையில் கிடையாது. கணக்கு நேர்.

நான் இன்று பேச வந்ததும் பலகையில் பேர் இல்லாத ஆட்களைப் பற்றித்தான். ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையின் செஷன் கிட்டாரிஸ்டுகள். தலைப்பைத் தொலைபேசியில் சொன்னபோது, ஏற்பாடு செய்த நண்பர், "கைரேகையைப் பத்தியா சார்?" என்று கேட்டார். இல்லை, ரெகே என்று திருத்தினேன். வைத்த பிறகு யோசித்தால் அவர் சொன்னதே சரி என்று பட்டது. பாட்டின் மேல் பதிந்த கைரேகைதான். யாருடைய கை என்பது மட்டும் தெரியாது.

செஷன் கிட்டாரிஸ்ட் என்றால் யார்? ஸ்டுடியோவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போகிறவர். பாட்டு அவருடையதில்லை, குரல் அவருடையதில்லை, இசைத்தட்டு விற்றால் வருகிற காசும் அவருடையதில்லை. வாசித்ததற்குக் கூலி, அவ்வளவுதான். இந்த ஊரில் இதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளி கொடுக்க, சேலைக்கு இவ்வளவு என்று பேசி நெய்கிறவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஜமைக்காவின் தலைநகரம் கிங்ஸ்டனிலும் அன்று பெரும்பாலும் பாட்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒரு நாளில் எத்தனை பாட்டு முடிகிறதோ அத்தனை கூலி.

ரெகேயை ஒரு நிமிடத்தில் காட்டிவிடுகிறேன். எல்லாரும் நான்கு எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இப்போது கை தட்டுங்கள். பார்த்தீர்களா, யாரும் சொல்லாமலே ஒன்றில் தட்டினீர்கள், மூன்றில் தட்டினீர்கள். காலம் காலமாகப் பழகிய கை அது. ரெகே கிட்டார் அந்த இரண்டு இடத்தையும் தொடாது. இரண்டிலும் நான்கிலும் மட்டும் 'சக்', 'சக்' என்று வெட்டிவிட்டு நிற்கும். இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. 'ஒன் டிராப்' என்று ஒரு டிரம்ஸ் அடி. அதில் முதல் எண்ணிக்கையில் பெரிய டிரம் விழவே விழாது, மூன்றில்தான் இறங்கும். நாம் சமம் என்று சொல்லித் தொடையில் ஓங்கித் தட்டுகிற இடம் அங்கே காலி. காலியாக விடுவதுதான் அந்த இசையின் நடையே.

அந்தச் 'சக்' கேட்பதற்கு எளிது. வலக்கை வேலை அதில் பாதிகூட இல்லை. தந்திகளை மீட்டிய அடுத்த கணம் இடக்கை விரல்கள் அழுத்தத்தை விட வேண்டும். விரலை எடுத்துவிட்டால் தந்தி ஊளையிடும். எடுக்காமலே தளர்த்த வேண்டும். பாட்டு முழுக்க, ஒரே கனத்தில், நூற்றுக்கணக்கான தடவை. தெருக்கூத்தில் விடிய விடிய வேஷக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து மிருதங்கம் அடிக்கிறவரைப் பாருங்கள். அவர் கை தளர்ந்தால் துரியோதனன் கால் தடுமாறும். அந்த வேலைதான் இது.

இதைச் செய்தவர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. லின் டெய்ட். 1934இல் டிரினிடாட் தீவின் சான் ஃபெர்னாண்டோவில் பிறந்தவர். கரும்புத் தோட்டங்களுக்காகக் கல்கத்தாவிலிருந்தும், கொஞ்சம் பேரைச் சென்னையிலிருந்தும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நிறைந்த பகுதி. டெய்ட் முதலில் கிட்டார்காரர் இல்லை. எண்ணெய் பீப்பாயின் அடியைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுரம் வரவழைப்பார்கள், ஸ்டீல்பேன் என்று பேர், அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். 1962 ஆகஸ்டில் ஜமைக்காவுக்குச் சுதந்திரம். கொண்டாட்டத்தில் வாசிக்க வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார்.

அப்போது ஜமைக்காவில் ஓடிக்கொண்டிருந்தது ஸ்கா. வேகமான ஆட்டப் பாட்டு. 1966இல் ஹோப்டன் லூயிஸ் என்ற பாடகர் ஒரு பாட்டுக்காக ஸ்டுடியோவுக்கு வந்தார். அந்த வேகத்தில் சொற்கள் அவருக்கு வாயில் நிற்கவில்லை என்று சொல்வார்கள். டெய்ட் குழு வேகத்தைக் குறைத்தது. குறைத்தபோது என்ன ஆயிற்று? அடிக்கும் அடிக்கும் நடுவில் இடம் பிறந்தது. அந்த இடத்தில் பேஸ் கிட்டார் சொந்தமாக நடக்க ஆரம்பித்தது. அதே நடையை டெய்ட் தன் கிட்டாரிலும் தந்தியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பீப்பாயில் தட்டுகிற மாதிரி பொட்டுப் பொட்டாக வாசித்தார். 'டேக் இட் ஈசி' என்ற அந்தப் பாட்டைத்தான் ராக்ஸ்டெடி என்ற புது நடையின் முதல் தட்டு என்று பலரும் சொல்கிறார்கள். ராக்ஸ்டெடி இரண்டே வருஷத்தில் ரெகே ஆனது.

டெஸ்மண்ட் டெக்கரின் '007' பாட்டிலும் அந்தக் கைதான். ஒரு தீவின் இசை நடை மாறிய அந்த இரண்டு வருஷத்தில் பல ஸ்டுடியோக்களில் அவருடைய கிட்டார் கேட்டது. 1968இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்து போனார். 2010இல் மான்ட்ரியலில் காலமானார். ரெகே பாடகர் பாப் மார்லியின் படம் போட்ட பனியன் ஆரணி பஸ் ஸ்டாண்டில்கூடத் தொங்குகிறது. டெய்டின் முகத்தை யாரும் எதிலும் அச்சடித்து நான் பார்த்ததில்லை.

ஹக்ஸ் பிரவுன் என்று இன்னொருவர். 1944இல் பிறந்தவர். டூட்ஸ் அண்ட் த மேட்டல்ஸ் குழுவோடு பல காலம் வாசித்தார். அமெரிக்கப் பாடகர் பால் சைமன் தன் ஊர் ஆட்களை வைத்து ஜமைக்கா மாதிரிப் பாட்டு ஒன்றை முயன்று பார்த்திருந்தார், ஒட்டவில்லை. சரக்கு விளைகிற இடத்துக்கே போவோம் என்று 1971இல் கிங்ஸ்டனுக்குப் போய் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். 1972இல் உலகம் முழுக்க ஓடிய 'மதர் அண்ட் சைல்ட் ரீயூனியன்' அதுதான். சீன உணவகம் ஒன்றின் பட்டியலில் கோழியும் முட்டையும் சேர்த்த பலகாரத்துக்கு அப்படிப் பேர் வைத்திருந்தார்களாம், தாயும் சேயும். தலைப்பு அங்கிருந்து வந்தது. கிட்டார் பிரவுனிடமிருந்து வந்தது. தலைப்பின் கதையை எல்லாரும் சொல்வார்கள்.

கிங்ஸ்டன்காரர்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் அலபாமாவில் வெய்ன் பெர்கின்ஸ் என்று ஒரு வெள்ளைக்கார இளைஞர், அவரும் செஷன் கிட்டாரிஸ்ட். லண்டனில் வேறு வேலையாக இருந்தவரை, அதே கட்டிடத்தில் மார்லியின் 'கேட்ச் அ ஃபயர்' தட்டுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்த தயாரிப்பாளர் கிறிஸ் பிளாக்வெல் கூப்பிட்டார். பெர்கின்ஸுக்கு ரெகே என்றால் என்னவென்றே பழக்கமில்லை. எது முதல் அடி என்று பிடிபடாமல் திணறியிருக்கிறார். அப்படியிருந்தும் 'கான்க்ரீட் ஜங்கிள்' பாட்டில் அவர் இழுத்த கிட்டாரைக் கேட்டால் இன்றும் உடம்பு சிலிர்க்கும். 1973இல் தட்டு வந்தது. உறையில் அவர் பேர் இல்லை.

எர்ல் 'சின்னா' ஸ்மித் என்று ஒருவர் இருக்கிறார், பெரிய கை. அந்தச் சின்னாவுக்கும் நம்மூர் சின்னாக்களுக்கும் உறவு ஏதும் இல்லை. சந்தேகம் யாருக்காவது வந்திருந்தால் இத்தோடு விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருகிறேன். ஜக்கார்டு அட்டை உங்களுக்குத் தெரியும். டிசைன் ஒரு தடவை எழுதி, அட்டையில் துளை போட்டுக் கோத்துவிட்டால், தறி மாற்றித் தறி, வண்ணம் மாற்றி வண்ணம் நெய்துகொண்டே போகலாம். ஜமைக்காவில் பாட்டுக்கே அப்படி ஓர் அட்டை உண்டு. ரிடிம் என்பார்கள். டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஆர்கன் எல்லாம் சேர்த்துப் பாடலில்லாமல் ஒரு நடையைப் பதிந்து வைத்துவிடுவார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் அதன்மேல் புதுப் பாட்டுப் பாடலாம். ரிடிமுக்குத் தனிப் பேர் உண்டு. வாசித்தவர் பேர் அதில் ஒட்டாது.

ஸ்டுடியோ ஒன் என்ற இடத்தில் 1960களின் இறுதியில் 'ரியல் ராக்' என்று ஒரு ரிடிம் பதிந்தார்கள். அதில் கிட்டார் எரிக் ஃப்ரேட்டர். பல வருஷம் கழித்து அதே ரிடிமின் மேல் வில்லி வில்லியம்ஸ் 'ஆர்மகிடியன் டைம்' பாடினார். அந்தப் பாட்டை 1979இல் லண்டனின் த கிளாஷ் குழு எடுத்து வாசித்தது. அதற்கு முன்னும் பின்னும் அந்த ஒரே அட்டையில் எத்தனை சேலை நெய்தார்கள் என்று எண்ணி முடியாது. அந்த ஸ்டுடியோ இருந்த பிரெண்ட்ஃபோர்டு சாலைக்கு 2004இல் ஸ்டுடியோ ஒன் பூல்வார்டு என்று பேர் மாற்றினார்கள். ஸ்டுடியோவின் பேர் தெருவுக்கு வந்தது. உள்ளே உட்கார்ந்து வாசித்தவர் பேர் தெருமுனைக்குக்கூட வரவில்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. அதிலும் ஊருக்குப் பேர் வந்தது. எந்தத் தறியில் யார் கை என்பது முந்தானையில் இல்லை.

சரி, இதெல்லாம் கடல் கடந்த கதை. நம் கோடம்பாக்கத்தில்?

தமிழ்நாட்டின் மிகப் பெரிய செஷன் கிட்டாரிஸ்ட் யார் என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். விடை உங்கள் வீட்டு வானொலியிலேயே இருக்கிறது. இளையராஜா. 1960களின் இறுதியில் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் கிட்டார் வாசித்தவர். இசையமைப்பாளர் சலில் சௌத்ரிக்கு வாசித்தார். ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976இல் 'அன்னக்கிளி' வருகிற வரைக்கும் அவரும் பலகையில் பேர் இல்லாத ஆள்தான். கூலிக்கு நெய்தவர் தறி போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் பாட்டுகளில் கிட்டார் ஏன் அப்படிப் பேசுகிறது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல காரணம் தெரியாது. எந்த விரல் எங்கே போய்ச் சேர முடியும் என்பது அவருடைய விரலுக்கே தெரியும்.

1982இல் அவர் இசையில் 'பயணங்கள் முடிவதில்லை' படம். 'இளைய நிலா' தொடங்கும்போது வருகிற கிட்டாரை இந்த ஊரில் முணுமுணுக்காதவர் உண்டா? அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். எத்தனை பேருக்குத் தெரியும், கை தூக்குங்கள். மூன்று பேர். நன்றி. பாடியவர் எஸ்.பி.பி., எழுதியவர் வைரமுத்து, திரையில் கிட்டாரைப் பிடித்திருந்தவர் மோகன். இந்த மூன்றையும் கேட்டிருந்தால் மொத்தக் கூட்டமும் தூக்கியிருக்கும்.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டுவது நியாயமில்லை. அந்தக் காலத்துச் சென்னையில் நொட்டேஷன் எழுதிக் கையில் கொடுப்பார்கள். அதைப் பார்த்து, ஐம்பது அறுபது பேரோடு ஒரே நேரத்தில், பிசகாமல் வாசிக்க வேண்டியிருந்தது. ஒருவர் தப்பு விட்டால் அத்தனை பேரும் முதலிலிருந்து. அது ஒரு தனித் திறமை. அதற்குத் தலை வணங்குகிறேன். ஆனால் என்ன வாசிப்பது என்று முடிவு செய்தவர் இசையமைப்பாளர். கிங்ஸ்டனில் எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. பாடகர் மெட்டை முனகுவார், அவ்வளவுதான். நடை என்ன, வேகம் என்ன, எங்கே வெட்டுவது, எங்கே விடுவது, அத்தனையும் வாசிப்பவர் தலையில். டிசைனும் அவரே, நெசவும் அவரே, கூலி மட்டும் நெசவுக்கு. பேர் போனது இரண்டு ஊரிலும் ஒன்றுதான். கிங்ஸ்டனில் அதோடு சொத்தும் போனது.

ஏன் சொத்து போனது? காப்புரிமைச் சட்டத்துக்குப் பாட்டு என்றால் சொல்லும் மெட்டும்தான். எழுதியவருக்கு உரிமை, மெட்டமைத்தவருக்கு உரிமை. இரண்டிலும் நான்கிலும் 'சக்' என்று வெட்டுவதற்கு யார் பட்டா கொடுப்பது? ஜமைக்கா தனக்கென்று ஒரு நவீனக் காப்புரிமைச் சட்டம் போட்டதே 1993இல். அதற்குள் பெரிய பாட்டெல்லாம் பதிவாகி முடிந்திருந்தது.

நம் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துவிடலாம். காப்புரிமைச் சட்டம் 1957. வாசிப்பவருக்கென்று தனி உரிமை 1994 திருத்தத்தில் வந்தது. நிகழ்த்துபவர் யார் யார் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. நடிகர், பாடகர், இசைக் கலைஞர், நாட்டியக்காரர், கழைக்கூத்தாடி, கண்கட்டி வித்தைக்காரர், பாம்பாட்டி, பிறகு சொற்பொழிவாளர். ஆமாம், பாம்பாட்டிக்கு அடுத்தபடி நான்தான். சட்டப்படி இன்று சாயங்காலம் நானும் மகுடி ஊதுகிறவரும் ஒரே சாதி.

2012இல் இன்னொரு திருத்தம். வணிகத்துக்குப் பயன்பட்டால் நிகழ்த்தியவருக்கும் ராயல்டி என்றது. கை தட்டலாம் என்று நினைக்கும்போதே பின்னால் ஒரு விதிவிலக்கு வருகிறது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாக, போகிற போக்கிலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பேரைப் படத்தின் எழுத்தோட்டத்திலோ வேறு எங்குமோ போடுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துபவரே இல்லை. வாசித்ததைச் சிதைத்தால் தட்டிக் கேட்கலாம், அந்த ஓர் உரிமை மட்டும் மிச்சம். கூட்டத்தில் நடந்துபோகிற துணை நடிகரை நினைத்து எழுதிய வரி போலத்தான் இருக்கிறது. இருந்தாலும் பாட்டின் இடையில் எட்டு மாத்திரை கிட்டார் வாசித்தவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று வக்கீல் வைத்து வாதாட வேண்டியிருக்கும். பேர் போடாதது முதலில் வழக்கம். பேர் இல்லை என்பதே பிறகு காரணம். இந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏ. ஆர். ரஹ்மான் செய்த ஒரு நல்ல காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். கேசட், சிடி உறைகளில் வாசித்தவர் பேரெல்லாம் பொடி எழுத்தில் போட்டார். பேஸ் கிட்டார் கீத் பீட்டர்ஸ் என்று நான் தெரிந்துகொண்டது அப்படித்தான். அந்த உறையை பூதக்கண்ணாடி வைத்துப் படித்த பைத்தியங்கள் தமிழ்நாட்டில் பல ஆயிரம் பேர் இருப்போம். இப்போது பாட்டு செல்போனில் வருகிறது. உறையே இல்லை. 1996இல் ரஹ்மான் இசையமைத்த 'லவ் பேர்ட்ஸ்' படத்துக்கு இங்கிலாந்திலிருந்து ரெகே பாடகர் அப்பாச்சி இண்டியன் வந்து பாடினாரே, ஜமைக்கா வாடை தமிழ்ப் படத்தில் பச்சையாக அடித்தது அதில். அவர் பேரை எல்லாரும் சொன்னோம்.

ஆற்காட்டைத் தாண்டிப் பாலாற்றைக் கடந்தால் ராணிப்பேட்டை. அங்கே பிறந்த பிரசன்னா கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறார், உலகம் முழுக்கக் கச்சேரி. அவரும் சினிமாவுக்கு வாசித்தவர்தான், பிறகு தன் பேரிலேயே மேடை ஏறினார். அதற்கு வேறு துணிச்சல் வேண்டும். எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை, எல்லாருக்கும் அது பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. தலைவாசலில் நிற்கப் பிடிக்காத கைகளும் உண்டு. நான் அந்த ரகம்.

நானும் வாசித்திருக்கிறேன், சின்ன அளவில். பகலில் பள்ளிக்கூட வேலை, முகூர்த்த நாளில் மெல்லிசைக் குழு. வேலூர், போளூர், செய்யாறு, ஆரணி, எங்கே பந்தல் போட்டாலும் ரிதம் கிட்டார் நான். ஒரு சமயம் அம்மன் பாட்டுக் கேசட் ஒன்றுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். ஒரே பகலில் எட்டுப் பாட்டு. ஆறாவது பாட்டில் என் ரெகே பைத்தியத்தை அடக்க முடியாமல், இரண்டிலும் நான்கிலும் வெட்டினேன். பம்பையும் உடுக்கையும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கேசட் முதலாளி காது கொடுக்கவில்லை, நேரம் ஆகிறது என்று விட்டுவிட்டார். இரண்டாவது சரணத்தில் அரை அடி முந்தி விழுந்துவிட்டேன். அதையும் விட்டுவிட்டார். கேசட் உறையில் அம்மன் படம், பாடியவர் பேர், கேசட் கம்பெனி பேர்.

அந்தக் கேசட் போய்விட்டது, பாட்டு போகவில்லை. ஆடி மாதம் ஆனால் எங்கள் தெருக் கோயில் ஒலிபெருக்கியில் இன்றும் போடுகிறார்கள். போன ஆடியில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஆறாவது பாட்டு வந்தது. இரண்டாவது சரணம் நெருங்க நெருங்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வந்தது அந்த அரை அடி, அப்படியே, முப்பது வருஷமாகத் திருந்தாமல். தாங்க முடியாமல் கடைக்காரரிடம், "அண்ணே, இது நான் வாசிச்சதுங்க" என்றேன்.

"எதுங்க சார்?"

"அந்த சக்கு சக்குன்னு வருதே, அது."

வடிகட்டியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டார்.

"அது தபேலா இல்லீங்களா சார்?" என்றார்.